மாப் போடுற அக்காகிட்ட யாராவது கேட்டீங்களா?

ஆறாவது செமஸ்டர். செமினார் ஹால். இன்டர்ன்ஷிப்புக்கான ஆன்லைன் டெஸ்ட். நூறு பேருக்கு மேல உட்கார்ந்திருக்கோம். எல்லார்கிட்டயும் மூணு வருஷம் உழைச்சுக் களைச்ச லேப்டாப். சார்ஜர் இல்லாம முக்கால் மணி நேரம்கூடத் தாங்காது. பிளக் பாயின்ட்டோ சுவத்துல மட்டும்தான். அதுல ஒரு எக்ஸ்டென்ஷன் போர்டு, அந்த போர்டுல இன்னொரு போர்டு, அதுல இன்னொண்ணுன்னு ஆறாவது வரிசை வரைக்கும் தரையில ஒயர் ஓடுது. கேமரா மாதிரி சுத்திச் சுத்தி வந்த ஒரு சாரோட கால் அதுல மாட்டுச்சு. ஒரு வரிசை முழுக்க சார்ஜ் போச்சு. வைஃபை பெட்டியும் அதே போர்டுலதான் சொருகியிருந்தாங்க. அதனால சார்ஜ் இருந்தவங்களுக்கும் நெட் போச்சு.

உங்க காலேஜ்லயும் இது நடந்திருக்கும். அன்னைக்கு எங்க வரிசையில எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: "தரையிலேயே பாயின்ட் வச்சுத் தொலைச்சிருக்கலாம்ல?" நானும்தான் கேட்டேன். ட்ரிபிள்-ஈ பொண்ணு வேற, கொஞ்சம் சத்தமாவே கேட்டேன்.

இன்னைக்குக் கேட்டா அவ்வளவு வேகமா சொல்ல மாட்டேன். நடுவுல ஒரு இன்டர்ன்ஷிப் வந்துடுச்சு. அதைச் சொல்றதுக்கு முன்னாடி, தரையில இருக்கிற அந்தப் பெட்டியைப் பத்திக் கொஞ்சம்.

ஏர்போர்ட்லயோ பெரிய ஆபீஸ்லயோ தரையில சதுரமா ஒரு பித்தளை மூடியோ ஸ்டீல் மூடியோ பார்த்திருப்பீங்க. அழுத்தினா மேல எழும்பும், இல்லேன்னா கதவு மாதிரித் திறக்கும். உள்ள ரெண்டு மூணு பவர் சாக்கெட், பக்கத்துல நெட் கேபிள் சொருக ஒரு பாயின்ட். இதுக்குப் பேரு ஃப்ளோர் பாக்ஸ். நான் தரைப்பெட்டின்னு சொல்லப் போறேன். (இங்கிலீஷ் மீடியத்துல படிச்சவ, பேர் பிடிக்கலேன்னா மன்னிச்சுக்கோங்க.) இதுல மூடி இல்லாம, தரைக்கு மேல சின்னத் தூண் மாதிரி நிக்கிற ஒரு வகையும் உண்டு. அமெரிக்க எலக்ட்ரீஷியன்கள் அதுக்கு வச்ச செல்லப் பேரு டூம்ஸ்டோன், அதாவது கல்லறைக் கல். முழங்காலுக்குக் கீழ ஒரு தடவை இடிச்சுக்கிட்டா பேரு ஏன் வந்துச்சுன்னு புரியும்.

இந்தப் பெட்டி எதுக்கு? பழைய ஆபீஸ்ல மேஜை எல்லாம் சுவரை ஒட்டி இருக்கும், சுவத்துல பாயின்ட் போதும். இப்ப கட்டுற ஆபீஸ்ல நடுவுல சுவரே கிடையாது. ஹாலுக்கு நடுவுல ஒருத்தர் கம்ப்யூட்டர் போட்டு உட்காரணும்னா கரண்ட் மேல இருந்து இறங்கணும், இல்லேன்னா கீழ இருந்து ஏறணும். கீழ இருந்து ஏத்தினா பார்க்க அழகா இருக்கும்.

ஆனா அந்த அழகை முன்கூட்டியே முடிவு பண்ணணும். சென்ட்ரிங் அடிச்சுக் கம்பி கட்டும்போதே பைப் போட்டுடணும், இல்லேன்னா டைல்ஸ் ஒட்டுறதுக்கு முன்னாடி போடுற பூச்சுக்குள்ள பதிச்சுடணும். பவருக்குத் தனி வழி, டேட்டாவுக்குத் தனி வழி. எல்லாம் முடிஞ்ச பிறகு "இந்தப் பெட்டியை நாலு அடி அந்தப் பக்கம் தள்ளுங்க"ன்னு சொன்னா கொத்தனார் சிரிப்பாரு. ஒரு நாள் ஒருத்தர் ஸ்கிரீன்ல வச்ச புள்ளி, அந்தக் கட்டடம் இருக்கிற வரைக்கும் அங்கேயே இருக்கும்.

அப்படி யாரோ வச்ச புள்ளிகளைத்தான் நான் போன மே மாசம் எண்ணப் போனேன்.

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனி. பேர் வேண்டாம். ஃபேக்டரிக்குப் பக்கத்துல புதுசா ஒரு ஆபீஸ் பிளாக் கட்டி ரெண்டு மாசம் ஆகியிருந்துச்சு. டிசைன் ரூம், சாம்பிள் ரூம், மெர்ச்சன்டைசர்கள் உட்காருற பெரிய ஹால். எலக்ட்ரிக்கல் வேலை செஞ்ச கான்ட்ராக்டர்கிட்ட நான் இன்டர்ன். எனக்குக் கொடுத்த வேலை, எது எங்க போட்டிருக்கோ அதை அப்படியே படத்துல ஏத்துறது. ஒவ்வொரு தரைப்பெட்டியும் எந்த இடத்துல இருக்கு, எந்த சர்க்யூட்ல வருதுன்னு குறிக்கணும்.

ஹால்ல மொத்தம் 26 பெட்டி. அதுல 11 மட்டும்தான் மேஜைக்கு அடியில இருந்துச்சு. 9 பெட்டி ஆளுங்க நடக்கிற வழியில. மீதி 6 அலமாரிக்கும் தடுப்புக்கும் அடியில மாட்டிக்கிட்டு, திறக்கவே முடியாது. படத்துல எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. குடி வந்த பிறகு யாரோ ஒரு வெளிநாட்டு பையர் வராருன்னு மேஜையை எல்லாம் திருப்பிப் போட்டுட்டாங்க, அவ்வளவுதான். பெட்டி இல்லாத மேஜைக்கு என்ன பண்ணாங்கன்னு நான் சொல்லணுமா? நம்ம செமினார் ஹால் வைத்தியம்தான். எக்ஸ்டென்ஷன் போர்டு.

இது வெறும் வசதிக் குறைவுன்னா நான் கட்டுரை எழுதியிருக்க மாட்டேன். நாலாவது நாள் கவனிச்சேன், நடைபாதையில இருந்த பெட்டிகள்ல நாலஞ்சு மேல பாலிதீன் கவரை விரிச்சு செலோ டேப் ஒட்டியிருந்தாங்க. சாம்பிள் ஷூ சுத்தி வர்ற கவர். யாரு ஒட்டினதுன்னு கேட்டா, தரை துடைக்கிற அக்கா. தினமும் ரெண்டு தடவை மாப் போடுறாங்க. மூடி இடுக்கு வழியா தண்ணி உள்ள போகும். உடனே ட்ரிப் ஆகி அந்தப் பக்கம் முழுக்க கம்ப்யூட்டர் அணையும். சேவ் பண்ணாத டிசைன் போகும். மேனேஜர் வந்து, "பார்த்துத் துடைக்க மாட்டியா?"ன்னு எல்லார் முன்னாடியும் கத்துவாரு.

"இன்னா பாப்பா பண்றது? ஈரம் இல்லாம தொடைக்கணும்னா வாயால ஊதித்தான் தொடைக்கணும்"னாங்க அக்கா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. நாங்க ரெண்டு பேருமே நிஜமா சிரிக்கல.

அடுத்த நாள் டி.பி.யைத் திறந்து சர்க்யூட் நம்பர் எழுதும்போதுதான் அதைப் பார்த்தேன். அந்தப் பெட்டிகளுக்கு வர்ற ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி ஒயரை டைரக்டா கொடுத்திருந்தாங்க. ஒயர்மேன் அண்ணன்கிட்ட கேட்டேன். "சும்மா சும்மா ட்ரிப் ஆவுதும்மா. டைரக்ட் போட்டுட்டேன். ஒரு வாரமா தொந்தரவே இல்ல."

ட்ரிபிள்-ஈ படிக்காதவங்களுக்காக இது என்னன்னு சொல்லிடறேன். போர்டுல ரெண்டு விதக் காவல் இருக்கும். ஒண்ணு எம்.சி.பி. அது ஒயரைக் காப்பாத்துறதுக்கு. 16 ஆம்பியர்னு எழுதியிருந்தா, அதுக்கு மேல கரண்ட் இழுத்தாத்தான் அணையும். இன்னொண்ணு ஆர்.சி.சி.பி. அது மனுஷனைக் காப்பாத்துறதுக்கு. உள்ள போற கரண்ட்டையும் திரும்பி வர்ற கரண்ட்டையும் ஒப்பிட்டுக்கிட்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தா, போன கரண்ட் வேற எங்கயோ, ஒருவேளை ஒரு உடம்பு வழியா, பூமிக்குப் போகுதுன்னு அர்த்தம். கண் இமைக்கிற நேரத்துல அணைச்சுடும். 30 மில்லி ஆம்பியருக்கு மேல கரண்ட் ஒரு உடம்பு வழியாத் தொடர்ந்து ஓடினா இதயத் துடிப்பே தடம் மாறலாம். எம்.சி.பி.க்கு 30 மில்லி ஆம்பியர் எல்லாம் கணக்கிலேயே வராது. 16 ஆம்பியர்ல அது ஐந்நூறுல ஒரு பங்குகூட இல்ல.

இப்ப அந்த ஹாலை யோசிச்சுப் பாருங்க. உலோக மூடி. அதோட எர்த் ஒயர் திறந்து மூடித் திறந்து மூடி தளர்ந்து போறதுக்கு வாய்ப்பு நிறைய. உள்ள ஈரம். ஆர்.சி.சி.பி. இல்ல. அதுக்கு மேல வெறுங்கால்ல, ஈரத் தரையில, கையில ஈர மாப்போட ஒரு அக்கா. இந்தியாவுல மின்சாரம் தாக்கி வருஷத்துக்குப் பத்தாயிரம் பேருக்கு மேல சாகுறாங்கன்னு என்.சி.ஆர்.பி. கணக்கு சொல்லுது. அதுல ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி "ஒரு வாரமா தொந்தரவே இல்ல"ன்னு யாராவது சொல்லியிருப்பாங்கன்னு எனக்குத் தோணுது.

ஒத்துக்கிறேன், நான் ரெண்டு நாள் வாயைத் திறக்கல. இன்டர்ன்ஷிப் சர்டிபிகேட் கையெழுத்து பாக்கி. ஒயர்மேன் அண்ணன் மாட்டிப்பாரோன்னு ஒரு பயம். எனக்கு என்ன தெரியும்னு ஒரு தயக்கம். மூணாவது நாள் காலையில அக்கா அதே பெட்டி மேல குனிஞ்சு டேப் ஒட்டுறதைப் பார்த்த பிறகுதான் சைட் இன்ஜினியர்கிட்ட சொன்னேன். அவர் என்னைத் திட்டல. அன்னைக்கு சாயந்தரமே ஆள் அனுப்பினாரு. அந்த ரெண்டு நாளைப் பத்தி நான் பெருமைப்பட ஒண்ணும் இல்ல.

சரி பண்ணும்போது இன்னொண்ணு தெரிஞ்சுது. ஒரே ஆர்.சி.சி.பி.யில இருபது கம்ப்யூட்டர் ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஒவ்வொரு கம்ப்யூட்டரோட பவர் சப்ளையும் நல்ல நிலையிலேயே ஏறக்குறைய ஒரு மில்லி ஆம்பியர் அளவுக்கு எர்த்துக்குக் கசிய விடும். இருபது சேர்ந்தா 20. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. 15-க்கு மேல எப்ப வேணும்னாலும் ட்ரிப் ஆகலாம், தரப்படி அது குறையே இல்ல. அதாவது தண்ணி ஒரு சொட்டு போதும், சில சமயம் அதுவும் வேண்டாம். திட்டு முழுக்க வாங்கினது அக்கா. தப்பு முழுக்க படத்துல.

ரெண்டா இருந்த ஆர்.சி.சி.பி.யை ஆறாப் பிரிச்சாங்க. நடைபாதையில இருந்த ஒன்பது பெட்டியையும் இணைப்பு எடுத்துட்டு மூடினாங்க. அதுக்கப்புறம் நான் அங்க இருந்த வரைக்கும் ட்ரிப் ஆகல.

இதுல இருந்து நான் சொல்ல வர்றது இதுதான். தரைப்பெட்டி கார்பெட் போட்ட ஊர்ல வளர்ந்த பொருள். அங்க தரையை வேக்யூம் கிளீனர் வச்சு இழுப்பாங்க. நம்ம ஊர்ல டைல்ஸ், கிரானைட், பினாயில் கலந்த ஒரு பக்கெட் தண்ணி. கேட்டலாக்ல இருக்கிற படத்தைப் பார்த்துப் பெட்டியைத் தேர்ந்தெடுக்கிறோம், தரை எப்படித் துடைக்கப்படும்னு ஒரு வரிகூடக் கேட்கிறதில்ல.

இத்தனைக்கும் இந்தக் கேள்வியைத் தரநிலைகள் கேட்டிருக்கு. ஐ.இ.சி. 61084-2-2 தரையில பதிக்கிற அமைப்புகளை, உலர்வாகச் சுத்தம் செய்யும் தரைக்கு, ஈரமாகச் சுத்தம் செய்யும் தரைக்குன்னு பிரிக்குது. அமெரிக்காவுல யு.எல். தரைப்பெட்டி மூடிக்குன்னே, தரை கழுவுற தண்ணி உள்ள போகுதான்னு ஒரு சோதனை வச்சிருக்கு. கடையில "சார், இது ஐ.பி. 66"னு சொல்வாங்க. நம்பறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க: மூடி மூடியிருக்கும்போதா, பிளக் சொருகி ஒயர் வெளியே வரும்போதா? பல பெட்டிகளுக்கு அந்த நம்பர் மூடி இறுக்கி மூடியிருக்கும்போது மட்டும்தான். ஆபீஸ் நேரத்துல அது எப்ப மூடியிருக்கும்?

நம்ம பகுதிக்கு இன்னொரு கணக்கும் உண்டு. சுத்தமான தண்ணி மின்சாரத்தை அவ்வளவாக் கடத்தாது, அதுல கரைஞ்ச உப்புதான் கடத்தும். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடின்னு பாலாத்தங்கரை நிலத்தடி நீர் என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியும். தோல் கழிவு நீர் பிரச்சனையில வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்குல உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-ல தீர்ப்பு சொன்னது. நாடு முழுக்கச் சுற்றுச்சூழல் பாடத்துல அதைப் படிக்கிறாங்க. நாம அந்த போர் தண்ணியிலதான் தரை துடைக்கிறோம். காய்ஞ்ச பிறகு பக்கெட்ல படியுற வெள்ளைத் திட்டு, சாக்கெட்டுக்குள்ளயும் படியும். அடுத்த தடவை ஈரம் பட்டா அதுவே கரண்ட்டுக்குப் பாதை.

"அப்போ தரைப்பெட்டியே வேண்டாம்னு சொல்றியா?"ன்னு கேட்பீங்க. இல்லை. செமினார் ஹாலை நான் மறக்கல. பெட்டி வைக்காம விட்டா அந்த இடத்துக்கு எக்ஸ்டென்ஷன் போர்டுதான் வரும், அது இதைவிட மோசம். அமெரிக்க மின் விதிகளோட 2017 பதிப்புல மீட்டிங் ரூமுக்குன்னே ஒரு விதி சேர்த்தாங்க: ஒரு பக்கம் 12 அடியும் பரப்பு 215 சதுர அடியும் எட்டினா, தரையில பாயின்ட் வேணும். காரணம் சுவத்துல இருந்து மேஜை வரைக்கும் ஓடுற ஒயர்ல மக்கள் தடுக்கி விழுறதுதான். மேஜை நகராத மீட்டிங் ரூம், லைப்ரரி, தேர்வு ஹால் இதுக்கெல்லாம் தரைப்பெட்டி நல்ல பதில்.

மேஜை நகருற இடத்துக்கு அது நல்ல பதில் இல்லை. இதுக்குப் பாடம் அதே காம்பவுண்டுக்குள்ள, பக்கத்து ஷெட்டுல இருந்துச்சு. ஷூவோட மேல்பாகம் தைக்கிற ஸ்டிச்சிங் லைன். வரிசை வரிசையா தையல் மெஷின், உட்கார்ந்து தைக்கிறவங்க பெரும்பாலும் சுத்துப்பட்டு ஊர்ப் பெண்கள். ஸ்டைல் மாறினா லைன் மாறும், மெஷின் இடம் மாறும். அங்க தரையில ஒரு பாயின்ட் கிடையாது. தலைக்கு மேல பஸ்பார் ட்ரங்கிங் ஓடுது, எங்க வேணுமோ அங்க டேப்-ஆஃப் பெட்டி மாட்டி ஒயரைக் கீழ இறக்குறாங்க. தரை காலியா இருக்கு, ட்ராலி போகுது, துடைக்கிறவங்க நிம்மதியா துடைக்கிறாங்க. தோல் பதனிடுற டேனரிக்குள்ள போனீங்கன்னா இன்னும் தெளிவு. உப்பு போட்டு வந்த தோலை ஊற வைக்கிற இடம், நாள் முழுக்கத் தரையில உப்புத் தண்ணி. அங்க தரையில சாக்கெட் வைக்கணும்னு யாருக்கும் கனவுல கூடத் தோணாது. ஷெட்டுல இருந்த அந்த அறிவு, நடுவுல இருந்த இருபது அடியைத் தாண்டி ஏ.சி. ஆபீஸுக்குள்ள வரலை. ஃபால்ஸ் சீலிங்ல இருந்து ஒரு கம்பம் இறக்கினா டிசைன் கெட்டுடும்னு யாரோ நினைச்சிருக்காங்க.

"எல்லாம் சரி, நல்ல பெட்டி போட்டா செலவு ஆகும்ல"ன்னும் ஒரு கேள்வி வரும். ஆகும். ஈரத் தரைக்கான பெட்டி விலை கூடத்தான். ஆனா 26 வாங்கி 15-ஐ வீணாக்கின இடத்துல இருந்து வந்திருக்கேன். சரியான இடத்துல 14 நல்ல பெட்டி போட்டிருந்தா கணக்கு எப்படி வரும்னு நீங்களே போட்டுப் பாருங்க.

நம்ம பேட்ச்ல நிறைய பேர் கட்டட சர்வீஸ் கம்பெனிகளுக்குப் போகப் போறோம். நானும் ஜூலையில சேர்றேன். நாலு வருஷத்துல நமக்கு லோட் ஃப்ளோ போடத் தெரியும், ஃபால்ட் கரண்ட் கணக்குப் போடத் தெரியும். ஒரு சாக்கெட்டை எங்க வைக்கணும்னு ஒரு கிளாஸ் கூட நடக்கல. அதனால எனக்கு நானே ஒரு பட்டியல் எழுதி வச்சிருக்கேன். வேணும்னா நீங்களும் எடுத்துக்கோங்க.

ஒண்ணு, இந்தத் தரையை யார், எதை வச்சு, ஒரு நாளைக்கு எத்தனை தடவை துடைக்கப் போறாங்க? படம் போடுறதுக்கு முன்னாடி பதில் வேணும். பழைய ஆபீஸ்ல துடைக்கிறவங்க இருப்பாங்க, அவங்ககிட்டயே கேட்கலாம்.

ரெண்டு, மேஜை நகருமா? நகரும்னா மேல இருந்து இறக்கு.

மூணு, நடக்கிற வழியில ஒரு பெட்டிகூட வேண்டாம்.

நாலு, ஒரு ஆர்.சி.சி.பி.க்கு எத்தனை கம்ப்யூட்டர்னு எண்ணு. எட்டு, பத்தோட நிறுத்திக்கோ.

அஞ்சு, ட்ரிப் ஆனா காரணத்தைத் தேடு. டைரக்ட் போடாதே, போட விடாதே. பார்த்தா அன்னைக்கே சொல்லு, ரெண்டு நாள் காத்திருக்காதே.

இன்ஜினியர் ஆகுற வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். உங்க ஹாஸ்டல், லேப் டி.பி.யில ஆர்.சி.சி.பி. இருந்தா அதுல 'டி'ன்னு ஒரு சின்ன பட்டன் இருக்கும். அதை அப்பப்ப அழுத்திச் சோதிக்கணும், பெரும்பாலான இடத்துல மாட்டின நாளோட சரி. வார்டன்கிட்டயோ லேப் அசிஸ்டன்ட்கிட்டயோ சொல்லி, யாரும் சப்மிஷன் டைப் பண்ணாத நேரமாப் பார்த்து அழுத்தச் சொல்லுங்க. டக்குன்னு அணைஞ்சா, பசங்க நாலு பேர் திட்டுவாங்க, வாங்கிக்கோங்க. அணையலேன்னா அன்னைக்கே எழுதிக் கொடுங்க. அந்த வராண்டாவைக் காலையில ஒருத்தங்க ஈரத் துணியோட துடைக்கப் போறாங்க.